சேதாரக் கணக்கு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. மேற்கு நோக்கி நடந்து, போகிற போக்கில் புதுக்கோட்டைச் சீமையைப் புரட்டிப் போட்டது. விழுந்த தென்னைகளைப் பற்றி நாடே பேசியது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் விழுந்த பலா மரங்களைப் பற்றிய பேச்சு அந்த வட்டாரத்தோடு நின்றுவிட்டது. சித்தப்பா வீட்டுக் கொல்லையில் நின்ற பலாவும் அந்த ராத்திரியில்தான் சாய்ந்தது. மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையை நசுக்கிக்கொண்டு, வேர்கள் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. அடிமரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்தால் சரியாக ஆறடி. கிளை பிரியும் இடம் வரை எட்டடிக்குக் கோணலே இல்லை.

முதலில் வந்தவர் விறகு வியாபாரி. அவருக்குப் பலாவும் ஒன்றுதான், வேலிக்கருவையும் ஒன்றுதான். டன் கணக்கில் எடை போட்டு வாங்குவார். மரமாக விற்கலாம் என்றால் தடியை அறுவை மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறடிச் சுற்றளவு, எட்டடி நீளம், பச்சை மரம்: எடை 600 கிலோவைத் தாண்டும். லாரி நுழைய முடியாத சந்து. கிரேன், ஜேசிபி எல்லாம் மின்கம்பம் நடப் போய்விட்டன. ஊர் முழுக்க இதே கதைதான். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் கதவுக்கும் போயிருக்க வேண்டிய மரம் செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மரம் மில்லுக்குப் போக முடியாவிட்டால் மில் மரத்திடம் வரலாம். சங்கிலி ரம்பம், நம்மூர்ப் பேச்சில் செயின் சா, எல்லா ஊரிலும் இருக்கிறது. அதன் நீண்ட தகட்டில் ஒரு அலுமினியச் சட்டத்தை இறுக்கிப் பூட்டினால் அது ஒரு சின்ன அறுவை மில். கலிபோர்னியாவின் கிரான்பெர்க் நிறுவனம் விற்கும் இந்தச் சட்டத்துக்கு ‘அலாஸ்கன் மில்’ என்று பெயர். இன்று எந்த நிறுவனம் செய்தாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. செய்வது ஒரே வேலைதான். சட்டத்தின் மேற்பகுதி தடியின் தட்டையான முகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். தகடு அதற்குக் கீழே, நாம் வைத்த ஆழத்தில், படுத்தவாக்கில் மரத்துக்குள் போகும். இரண்டு அங்குலம் என்று வைத்தால் தலையிலிருந்து வால் வரை இரண்டு அங்குலப் பலகை. முட்டிபோட்டுத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான்.

சொல்ல எளிது. முதல் நாள் ஊரில் இருந்த 58 சிசி மெஷினை வைத்துத் தொடங்கினோம். இரண்டடி தூரம் போயிருக்காது. சத்தம் மாறியது, கரகரத்தது, நின்றது. மறுபடி கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. தென்னை, முருங்கை, வேம்பு என்று பத்து நாளாக ஊரையே துண்டு போட்ட மெஷின் அது. கிடக்கிற ஒரு மரத்தை நீளவாட்டில் அறுக்கச் சொன்னதும் ஏன் செத்தது?

விளக்குமாற்றுக் கட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் என்பது ஏறக்குறைய அதுதான். நுண்ணிய குழாய்கள் நெருக்கமாக ஒட்டி நிற்கும் ஒரு கட்டு. மரத்தைத் துண்டு போடும்போது பல், ஈர்க்குகளைப் பக்கவாட்டில் சந்திக்கிறது. பல்லின் ஓரக் கூர்முனை கத்திபோல் இரண்டு பக்கமும் நாரை அறுத்துவிட்டால், நடுவில் இருப்பது தானாகச் சிம்பு சிம்பாக உரிந்து வரும். மரத்தின் பிளவுபடும் குணமே நமக்கு உதவி செய்கிறது. அலாஸ்கன் மில்லில் தகடு தடிக்குக் குறுக்கே படுத்திருக்கிறது. போகும் திசையோ தடியின் நீளவாட்டம். அதாவது விளக்குமாற்றின் நுனிப்பக்கத்தைச் சீவுகிறோம். ஒவ்வொரு ஈர்க்கின் முனையும் பல்லைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது. அங்கே உரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாரையும் ஒவ்வொரு பல்லும் மறுபடி மறுபடி வெட்டித்தான் முன்னேற வேண்டும். அதனால்தான் மில்லில் விழுவது சிம்பு அல்ல, ரவை போன்ற தூள். இதே மெஷினின் தகட்டைத் தடியின் நீளத்தோடு இணையாகப் பிடித்து அறுத்துப் பாருங்கள்: சேமியா போல நீள நீளமாகச் சுருண்டு கொட்டும். மரம் அதேதான், கோணம் மட்டும் மாறியிருக்கிறது.

இந்த வேலைக்கு ஆகும் சக்தி அதிகம் என்பது ஒரு பக்கம். அது இடைவிடாமல் ஆகிறது என்பது இன்னொரு பக்கம், மெஷினைக் கொல்வது அதுதான். கிளை வெட்டும்போது முழு முடுக்கம் சில நொடிகள்தான். பிறகு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். எட்டடித் தடியை அறுக்கும்போது பத்து நிமிடம் விடாமல் முழு முடுக்கம். செயின் சாவின் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது. விசிறிக் காற்றும், பெட்ரோலோடு கலந்து உள்ளே போகும் ஆயிலும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. பெட்ரோல் கொஞ்சம் குறைவாக, காற்று கொஞ்சம் அதிகமாகப் போகும்படி கார்புரேட்டர் திருகியிருந்தால் சூடு ஏறும், அலுமினியப் பிஸ்டன் பருக்கும், உருளைச் சுவரில் உரசி ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு நடந்தது அதுதான். இந்த வேலைக்கு 70 சிசிக்குக் குறைந்த மெஷினைத் தொடக்கூடாது, கடின மரத்துக்கு 90க்கு மேல் நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வது பந்தாவுக்காக அல்ல. இரண்டாம் முறை திருச்சியிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்தது 91 சிசி மெஷின். ஏழு குதிரைத் திறன், மூன்றடித் தகடு. மில் சட்டத்தின் பிடிகளே தகட்டில் அரையடியை விழுங்கிவிடும் என்பதால் இரண்டடித் தடிக்கு மூன்றடித் தகடு தேவைப்படுகிறது.

சங்கிலியும் வேறு. சாதாரணச் சங்கிலிப் பல்லின் மேல்தட்டு 30 அல்லது 35 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். ஓரம் கத்தியாக வேலை செய்ய அந்தச் சாய்வு வேண்டும். நார் நுனியைச் சீவும்போது அந்த ஓரக்கத்திக்கு வேலையில்லை. உளிபோல நேர்முனை போதும். அதனால் பலகைச் சங்கிலிக்கு 10 டிகிரிதான் வைக்கிறார்கள். வெட்டு கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். பலகையின் முகம் வழவழப்பாக வரும். ஆசாரிக்கு இழைப்புளி வேலை மிச்சம்.

இந்தப் பல்லின் பிறப்பைப் பற்றி ஒரு கதை உண்டு, கதை என்றாலும் நடந்தது. 1920களில் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் போன்றவர்கள் செய்த செயின் சாக்கள் இரண்டு ஆள் தூக்கும் கனம். அவற்றின் பற்கள் பழைய கைரம்பப் பற்களைப் பார்த்துச் செய்தவை; மரத்தைப் பிறாண்டும், சீக்கிரம் மழுங்கும், அரம் போட்டே பொழுது போய்விடும். 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, விறகு பிளக்கும்போது ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு ஒன்றைப் பார்த்தார். ஆட்காட்டி விரல் பருமன். நாரோடு போனாலும் நாருக்குக் குறுக்கே போனாலும் அது ஒரே மாதிரி மரத்தைத் தின்றுகொண்டு போனது. அதன் இரண்டு தாடைகளும் ‘சி’ எழுத்துப் போல வளைந்து, இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கின. காக்ஸ் அந்தத் தாடையை எஃகில் செய்து பார்த்தார். 1947இல் போர்ட்லண்ட் நகரத்தில் தன் வீட்டு நிலவறையில் சங்கிலி செய்து விற்கத் தொடங்கினார். இன்று உலகில் ஓடும் செயின் சாக்களின் பற்கள் பெரும்பாலும் அந்தப் புழுவின் வாரிசுகள்: ஒன்று இடப்பக்கம் பார்க்கும், அடுத்தது வலப்பக்கம்.

அந்தப் பற்கள் ஓடும் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெஷினின் பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சங்கிலி 13 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. பாரத்தோடு நிமிடத்துக்கு 9,500 சுற்று என்றால் மணிக்கு 76 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம், மூன்றடித் தகட்டைச் சுற்றி. மில் சட்டமோ அந்த நேரத்தில் தடிமேல் நத்தைபோல நகர்கிறது.

இப்போது பழிக்கு வருவோம். செயின் சாவால் பலகை அறுப்பதைக் கேலி செய்பவர்கள் எல்லோரும் சொல்வது சேதாரம். பட்டை ரம்பம் வைத்த நவீன மில்லில் ஒரு வெட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் மரம் தூளாகும். செயின் சாவில் எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர். ஏன் இத்தனை வித்தியாசம்? பட்டை ரம்பம் என்பது இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வீணைத் தந்திபோல முறுக்கேற்றி இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகு நாடா. இழுவிசைதான் அதை நேராக வைத்திருக்கிறது, அதனால் அது மெலிந்திருக்கலாம். செயின் சாத் தகட்டை மறுமுனையில் இழுத்துப் பிடிக்க யாருமில்லை. தானே விறைப்பாக நிற்க வேண்டும். நடுவில் சங்கிலி ஓடப் பள்ளமும் வேண்டும். அந்தத் தகடு முழுவதும் வெட்டுக்குள் நுழைந்து வர வேண்டும் என்பதால் பல் அதைவிட அகலமாகத்தான் இருக்க முடியும். மெல்லிய சங்கிலிகள் இருக்கின்றன, ஆறேழு மில்லிமீட்டருக்கு இறங்கலாம். அதற்குக் கீழே இந்த வடிவத்தில் வழியில்லை.

ஒன்பது மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தடியின் நடுவில் ஏறக்குறைய இரண்டடி அகலம், எட்டடி நீளம் அறுத்தால் ஒரே வெட்டில் 13 லிட்டர் கட்டை மரம் தூளாகிறது. ஒரு குடம் நிறைய. பட்டை ரம்பத்தில் மூன்று லிட்டர் ஆகியிருக்கும். ஓரங்குலப் பலகையாக அறுத்தால் ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் பலகைக்கும் 9 மில்லிமீட்டர் தூள்: மரத்தில் கால்பங்குக்குமேல் காற்றில் போய்விடும். இரண்டங்குலமாக அறுத்தால் அது 15 சதவீதத்துக்கு இறங்கும். அதனால் செயின் சாவில் மெல்லிய பலகை அறுப்பது புத்திசாலித்தனமல்ல. கனமாக அறுத்துக் காயவைத்து, பிறகு மில்லில் கொடுத்து மெலிதாக்குவதே லாபம். இரண்டங்குலப் பலகையை இரண்டு பேர் தோளில் வைத்துச் சந்து வழியே கொண்டுபோகலாம்.

ஆனால் சேதாரம் என்று வந்துவிட்டால் மர வாடியின் கணக்கையும் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும். வாடியில் தடியின் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அடி சொல்வார்கள். எங்கள் பலாவுக்கு ஆறில் கால் ஒன்றரை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால். எட்டடிக்கு 18 கன அடி. பள்ளிக்கூடக் கணக்குப்படி உருளையின் கனஅளவைப் பாருங்கள்: 23 கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கால்சுற்றுக் கணக்கு எந்த மரத்துக்கும் உண்மையில் இருப்பதில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். ‘பை’ (π) என்ற எண்ணை நாலால் வகுத்தால் வருவது அது. 18ஆம் நூற்றாண்டில் எட்வர்டு ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் போட்ட வாய்பாட்டுப் புத்தகம் வழியாகப் பரவிய முறை. உருண்டைத் தடியைச் சதுரமாக்கும்போது போகும் புறப்பட்டையையும் ரம்பத் தூளையும் முன்கூட்டியே கழித்துவிடுகிற தந்திரம். நகைக்கடையில் சேதாரம் வாங்குபவர் தலையில். மர வாடியில் விற்பவர் தலையில். எங்கள் தடியில் ஐந்து கன அடி கணக்கிலேயே வராது. இரண்டங்குலப் பலகையாக முழுத் தடியையும் அறுத்தபோது செயின் சா தின்ற தூள் மொத்தம் மூன்று கன அடி அளவு. அந்த இடத்தில் சித்தப்பா கேட்டார்: “அப்ப மெஷின் திருடுனதவிட டேப்பு திருடுனது அதிகமாடா?”

முழு நியாயம் அல்ல அந்தக் கேள்வி. மில்லிலும் புறப்பட்டை போகும், எங்களுக்கும் போனது. இருந்தாலும் விறகுக்குப் போயிருந்தால் சேதாரம் நூறு சதவீதம் என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இந்த வழக்கைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவுக்குப் போக வேண்டும். அங்கே செயின் சாவால் பலகை அறுத்து விற்பதை 1998இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். காடு அழிகிறது, மரம் வீணாகிறது, அரசுக்கு வரி வருவதில்லை என்பவை காரணங்கள். அங்கே பலரும் மெஷினில் அலுமினியச் சட்டம் எதையும் பூட்டுவதில்லை. நூல் பிடித்துக் கோடு போட்டு, வெறுங்கையால் அந்தக் கோட்டின்மேல் மெஷினை ஓட்டுவார்கள். வெட்டு அலைபாயும், சேதாரம் இன்னும் கூடும். தடை வந்தது, தொழில் நிற்கவில்லை. பெரிய மில்கள் நல்ல மரத்தை ஏற்றுமதிக்கு அறுத்துக்கொண்டிருக்க, உள்ளூர்த் தச்சர்களுக்கும் வீடு கட்டுபவர்களுக்கும் பலகை கொடுத்தது பெரும்பாலும் இந்தத் திருட்டு மெஷின்கள்தான். தென் அமெரிக்காவின் கயானா வேறு வழியில் போனது: உரிமம் கொடுத்து, கணக்கு வைத்து, தொழிலாக நடக்க விட்டது. வாங்க வழியுள்ள விலையில் உள்ளூர்க்காரனுக்குப் பலகை கிடைக்காத வரை தடை காகிதத்தில்தான் இருக்கும் என்பது என் எண்ணம். எந்த மரத்தை வெட்டுவது என்பது ஒரு கேள்வி, விழுந்த மரத்தை எப்படி அறுப்பது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே சட்டத்தில் போட்டுக் குழப்பியதில் இரண்டாவது தொலைந்துபோனது.

கொல்லைக்குத் திரும்புவோம். உருண்டைத் தடியில் சட்டம் வழுக்கத் தட்டையான முகம் ஏது? ஏணியை எடுத்துத் தடியின்மேல் வைத்தோம். அலுமினிய ஏணி, முனைகளில் திருகாணி வைத்து முடுக்கி, நீர்மட்டம் பார்த்து. முதல் வெட்டில் சட்டம் ஏணியின்மேல் போகும். அடுத்த வெட்டுக்கு முதல் வெட்டின் முகமே ஏணி. இதில் ஒரு பொல்லாத்தனம் இருக்கிறது: முதல் வெட்டில் முறுக்கு விழுந்தால் அது கடைசிப் பலகை வரை பரம்பரையாக இறங்கும். ஏணியைச் சரிசெய்யவே முக்கால் மணி நேரம் ஆனது. அறுக்க ஆனது பத்து நிமிடம்.

வெட்டு பாதி போனதும் பின்னால் ஆப்பு வைத்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் பலகையின் கனம் வெட்டை மூடித் தகட்டைக் கவ்வும். கனம் மட்டுமல்ல, மரத்துக்குள்ளேயே ஒரு இழுபறி இருக்கிறது. மரம் ஒவ்வொரு ஆண்டும் வெளிப்பக்கமாக ஒரு அடுக்கைப் போர்த்திக்கொள்கிறது. புது அடுக்கின் செல்கள் முதிரும்போது நீளவாட்டில் சற்றுச் சுருங்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் பழைய மரம் விடாது. ஆண்டுக்கணக்கில் இது சேர்ந்து, வெளிப்புறம் இழுபட்ட நிலையிலும் நடுப்பகுதி நசுங்கிய நிலையிலும் நிற்கும். காற்றில் வளையும் மரத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ரம்பம் நுழைந்ததும் கட்டு அவிழ்கிறது. ஒரு பக்கத்துப் பலகை மட்டும் வாழைமட்டைபோல நிமிர்ந்து வளையும். யூகலிப்டஸ் அறுப்பவர்களைக் கேட்டால் இதைப் பற்றிக் கண்ணீர் விடுவார்கள். முதிர்ந்த பலா அவ்வளவு மோசமில்லை. இரண்டு பலகை எடுத்ததும் தடியைப் புரட்டி எதிர்ப்பக்கத்தில் இரண்டு எடுத்தோம், இழுபறி இருபுறமும் சமமாகக் குறையட்டும் என்று.

நடு நெட்டியைச் சேர்த்துப் பலகை எடுக்கக் கூடாது. எடுத்தால் காயும்போது அங்கிருந்துதான் வெடிக்கும். நெட்டி வரும் பலகையை நடுவில் கிழித்து அந்த மூன்று அங்குலத்தை விட்டுவிட வேண்டும். அதுவும் சேதாரம்தான்.

பலாவில் இன்னொரு தொல்லை பால். பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவுகிறோம் அல்லவா, அதே பிசின் அடிமரத்திலும் கசிந்து, தூளோடு சேர்ந்து தகட்டுப் பள்ளத்தில் பசையாக அப்பிக்கொண்டது. இரண்டு வெட்டுக்கு ஒருமுறை சுரண்டி, சங்கிலிக்கு அரம் போட்டு, தகட்டின் மறுமுனைக்குத் தனியாக எண்ணெய் சொட்ட வைத்தோம். நாங்கள் கொடுத்து வைத்தவர்கள், ஆணி இல்லை. சாலையோர மரமாக இருந்தால் டியூஷன் விளம்பரமும் அரசியல் தட்டியும் அடித்த ஆணிகளை மரம் சதைபோட்டு மூடியிருக்கும். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் மெஷினை நிறுத்திவிட வேண்டும்; மரத்தின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது, அந்தக் காலத்து எழுது மையின் அதே வேதியியல். தேக்குக்கு ஆணியே வேண்டாம், அதன் செல்களில் மணல்போலச் சிலிக்கா படிந்திருப்பதால் எந்தப் பல்லையும் மழுக்கிவிடும்.

தூளைப் பற்றி ஒரு எச்சரிக்கை: மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. மூக்குக் குழியில் வரும் புற்றுநோய், அதிலும் கடின மரத்தூளில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் தொழிலாளர்களுக்கு. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது பாதுகாப்பல்ல, நல்ல முகக்கவசம் வேண்டும். காதுக்கு அடைப்பும்.

‘கடின மரம்’ என்று மேலே சொல்லிக்கொண்டே வந்தேன். ஆங்கிலத் தாவரவியல் வழக்கில் அது பூக்கும் இனத்து மரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். அந்தக் கணக்கில் நகத்தால் கீறினால் பள்ளம் விழும் பால்சாவும் கடின மரம், இலவமும் கடின மரம். நம் ஆசாரிகள் வைரம் பாய்ந்ததா என்றுதான் கேட்பார்கள், அது பயனுள்ள கேள்வி. தொல்காப்பியத்தின் மரபியல் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளே வைரம் உள்ளவை மரம், வெளியே வைரம் உள்ளவை புல் என்று பிரித்தது. கஜாவில் விழுந்த லட்சக்கணக்கான தென்னைகளை அறுக்க நினைப்பவருக்கு இந்தப் பிரிவு இலக்கணமல்ல, தொழில் குறிப்பு. தென்னை ஆண்டுக்கொரு அடுக்குப் போர்த்துவதில்லை. அதன் வலுவெல்லாம் வெளிவிளிம்பில், நடு பஞ்சு. பலாவைப்போலப் பக்கத்திலிருந்து பக்கம் அறுத்துக்கொண்டே போனால் பாதிப் பலகைகள் உதவாதவை. சுற்றிச் சுற்றி விளிம்பை மட்டும் எடுக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் தென்னம்பலகை ஒரு சாதாரணக் கட்டுமானப் பொருள்; 2013இல் ஹையான் புயல் கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளைச் சாய்த்தபோது செயின் சாக்கள் அங்கே அவசரமாக ஓடின. அவசரத்துக்குக் காரணம் உண்டு: அழுகும் தென்னந்தடி காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ வார்டு, தப்பி நின்ற மரங்களைப் பிறகு அது தின்னும்.

அறுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் பலகையை இழக்கிறார்கள். பச்சை மரத்தில் இரண்டு விதமான நீர் இருக்கிறது. குழாய்களுக்குள் நிற்பது ஒன்று; அது போகும்போது எடை மட்டும் குறையும், அளவு மாறாது. குழாய்ச் சுவருக்குள் ஊறியிருப்பது மற்றொன்று. ஈரம் மரத்தின் உலர்ந்த எடையில் 30 சதவீதம் அளவுக்கு இறங்கிய பிறகே சுவர்நீர் கிளம்பும், சுருக்கமும் அப்போதுதான் தொடங்கும். சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் ஆண்டு வளையத்தின் சுற்றுவாட்டத்தில் ஆகும் சுருக்கம், நெட்டியிலிருந்து பட்டை நோக்கிய வாட்டத்தில் ஆவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் பலகையின் பட்டைப்பக்க முகம் நெட்டிப்பக்க முகத்தைவிட அதிகம் சுருங்கி, ஓரங்கள் பட்டைப்பக்கம் தூக்கி, கிண்ணம்போல் குழியும். தடியாகவே வெயிலில் கிடந்தாலும் இதே காரணத்தால்தான் முனையில் நட்சத்திர வெடிப்பு விழுகிறது. முனைவழியே நீர் பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் கிளம்பும், குழாய் வாய் திறந்திருக்கிறதல்லவா. அதற்காக அறுத்த அன்றே முனைகளில் மிச்சம் கிடந்த பெயின்ட்டை இரண்டு பூச்சு அடித்தோம்.

கொட்டகையின் நிழல் பக்கத்தில் செங்கல் பரப்பி, பலகைகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் துண்டு கொடுத்து, ரீப்பர்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வரும்படி வைத்து, உச்சியில் அம்மிக்கல்லையும் உடைந்த உரலையும் ஏற்றினோம். காற்று வேண்டும், வெயில் கூடாது. அங்குலத்துக்கு ஒரு வருடம் என்று குளிர்நாட்டார் சொல்லும் கணக்கு. எங்கள் பக்கத்து வெக்கைக்கு அவ்வளவு ஆகாது என்றாலும் அவசரப்படுத்தவில்லை. வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் துளைப்பூச்சி முதலில் அங்கேதான் வரும், வந்தது. மஞ்சள் வைரத்தைத் தொடவில்லை.

ஒன்றே கால் வருடம் கழித்து ஆசாரியை அழைத்துக் காட்டினோம். எட்டுப் பலகையில் ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது, ஒன்று ஒரு முனையில் ஒரு சாண் வெடித்திருந்தது. அவர் விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுவிட்டு, “நடுவுல எட்டடிய வெட்டாம தடியாவே வச்சிருந்தா தஞ்சாவூருக்குப் போயிருக்கும் தம்பி, ஒத்தக் கட்டையில வீணை கடையுற ஆளுங்க தேடிக்கிட்டு அலையுறாங்க” என்றார். ஏகாந்த வீணை என்பார்கள் அதை. குடம், தண்டி எல்லாம் ஒரே பலாக்கட்டையில் குடைவது. அது எங்களுக்கு முன்பே தெரியாமல் போயிற்று. ஆறு பலகைகளில் இரண்டு கதவும் ஒரு ஊஞ்சலும் ஆயின. அறுத்தபோது எலுமிச்சை மஞ்சளாக இருந்த மரம் வெளிச்சம் பட்டுப் பட்டு இப்போது தேன் நிறத்துக்கு வந்துவிட்டது.

தூளை நான்கு மூட்டை கட்டி வைத்திருந்தோம். மூன்று மாட்டுக்கடியில் போயிற்று. நான்காவதை அப்பத்தா விடவில்லை. பலாக் கட்டையைப் படிகாரத்தோடு கொதிக்கவைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும். பர்மாவிலும் சயாமிலும் புத்த பிக்குகளின் ஆடைக்கு அதில்தான் நிறம் ஏற்றினார்கள். அப்பத்தாவுக்குப் பிக்குகளைத் தெரியாது, சாயம் தெரிந்திருந்தது. செப்பு அண்டாவில் தூளைப் போட்டு அரைநாள் கொதிக்கவிட்டு, சித்தப்பாவின் பழைய வேட்டியை முக்கி எடுத்துக் கொடியில் போட்டாள். முதல் இரண்டு துவைப்பில் கொஞ்சம் விட்டது, பிறகு நின்றுகொண்டது.